பால் ஒத்துக்கொள்ளாதது யார் குற்றம்?



"பால் குடித்தால்தான் உடம்பில் பலம் வரும்" என்று சொல்லாத தாய் உண்டோ? பிறந்த குழந்தைக்கு முதல் உணவு பால். காய்ச்சலில் படுத்தவருக்குப் பாலும் ரொட்டியும். பரீட்சைக்குக் கண்விழித்துப் படிக்கும் பிள்ளைக்கு இரவில் ஒரு தம்ளர் பால். புது வீட்டில் குடிபுகுந்தால் முதலில் அடுப்பேற்றுவதும் பாலைத்தான். இப்படி நம் வாழ்வோடு கலந்துவிட்ட பாலை ஒருவர் "வேண்டாம்" என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறது. சில வேளைகளில் கோபமும் வருகிறது.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவரை நாம் வெகுளி என்கிறோம். பால் எல்லோருக்கும் ஒன்றுபோல் ஒத்துக்கொள்ளும் என்று நம்புவதும் அதைப் போன்ற வெகுளித்தனமே என்பதை இவ்வாண்டு நாங்கள் கற்றுக்கொண்டோம். கற்ற விதம் எங்களுக்குப் பெருமை சேர்ப்பதன்று. ஆயினும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வகுப்பில் நடந்தது

விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி எங்கள் வகுப்பில் இருக்கிறாள். இக்கட்டுரையை எழுதச் சம்மதம் தந்தவள் அவளே. பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

விடுதியில் காலை 7 மணிக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு தம்ளர் பால் உண்டு. தம்ளரைக் கண்டதும் அவள் முகம் வாடிவிடும். "வயிறு வலிக்கும்" என்பாள். ஏழாம் வகுப்பில் எங்களோடு சேர்ந்து அதே பாலை மிச்சமின்றிக் குடித்தவள்தானே என்பது எங்கள் எண்ணம். ஆகவே, "இவள் நடிக்கிறாள்" என்று நாங்களே முடிவு கட்டினோம். "நாடகக்காரி" என்று பட்டப்பெயரும் சூட்டினோம். ஒருநாள் அவள் பாலைச் செம்பருத்திச் செடியின் அடியில் ஊற்றியதைப் பார்த்துவிட்டு, வார்டன் சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னதும் நாங்கள்தான். எத்தனையோ குழந்தைகளுக்குக் கிடைக்காத பாலை மண்ணில் ஊற்றலாமா என்று சிஸ்டர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து அவள் எல்லோர் முன்னிலையிலும் குடித்து முடிக்க வேண்டியதாயிற்று.

அரையாண்டுத் தேர்வு வந்தது. கணிதத் தேர்வன்று அவள் இரண்டு முறை எழுந்து வெளியே ஓடினாள். மூன்றாவது முறை திரும்பி வந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. பின்வரிசையில் இருந்த நாங்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கணிதத்தில் எப்போதும் முதலாவதாக வரும் அவளால் கடைசி இரண்டு கணக்குகளைத் தொடவே முடியவில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் மரபியல் பாடம் தொடங்கியது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் பண்புகளை விளக்கிக்கொண்டிருந்த டீச்சர், "கண்ணின் நிறம், முடியின் சுருள் மட்டுமல்ல, குடித்த பால் செரிப்பதும் செரிக்காமற் போவதுங்கூட மரபின்படிதான்" என்று சொன்னார்கள். வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். உண்மையில் குனிந்திருக்க வேண்டியவை எங்கள் தலைகளே.

பின்னர் டீச்சரின் துணையோடு நாங்கள் தேடிப் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பாலின் இனிப்பு

சர்க்கரை போடாத பாலிலும் மெல்லிய இனிப்பு இருப்பதை நாம் அறிவோம். அதற்குக் காரணம் பாற்சர்க்கரை. விஞ்ஞானிகள் அதை லாக்டோஸ் என்பர். 100 மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 5 கிராம் பாற்சர்க்கரை உண்டு. ஒரு பெரிய தம்ளர் பாலைக் குடித்தால் சுமார் 12 கிராம் உள்ளே போகிறது.

பாற்சர்க்கரை என்பது குளுக்கோஸ், காலக்டோஸ் என்னும் இரண்டு எளிய சர்க்கரைகள் கைகோத்து நிற்கும் ஒரு ஜோடி. நம் சிறுகுடலின் சுவர் ஒரு குறுகிய வாசலைப் போன்றது. கைகோத்து வருபவர்களை அது உள்ளே விடாது, ஒவ்வொருவராகத்தான் விடும். ஆகவே கைகளைப் பிரித்துவிட ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு லாக்டேஸ் என்று பெயர். சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பில் அது இருக்கிறது. ஜோடி பிரிந்ததும் இரண்டு சர்க்கரைகளும் இரத்தத்தில் கலந்து உடலுக்குச் சக்தி தருகின்றன.

லாக்டேஸ் குறைந்துவிட்டால் என்ன ஆகும்? பாற்சர்க்கரை பிரியாமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்கிறது அல்லவா? அதுபோலவே செரிக்காத சர்க்கரையும் குடலுக்குள் நீரை இழுக்கிறது. அதனால் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. அடுத்து, பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கின்றன. தோசை மாவு இரவில் பொங்குவதைப்போல வாயு உண்டாகி வயிறு உப்புகிறது, இரைகிறது, வலிக்கிறது. பால் குடித்த அரைமணி முதல் சில மணி நேரத்திற்குள் இவை தோன்றும். 7 மணிக்குப் பால், 9.30 மணிக்குத் தேர்வு. எங்கள் தோழி எழுந்து ஓடிய காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வாயுக்களில் ஹைட்ரஜனும் ஒன்று. அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளிவருகிறது. பாற்சர்க்கரை கலந்த நீரைக் குடிக்கச் செய்து, பிறகு மூச்சில் ஹைட்ரஜன் கூடுகிறதா என்று அளந்து பார்ப்பது ஒரு பரிசோதனை. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. குழலில் ஊதினால் போதும். கேலி செய்யும் தோழியர் நம்பாவிட்டாலும், நம் மூச்சே நமக்குச் சாட்சி சொல்லும்!

பாலூட்டிகளின் பொது விதி

பசு, ஆடு, நாய், பூனை, யானை, திமிங்கிலம் ஆகிய அனைத்தும் பாலூட்டிகள். குட்டியாக இருக்கும்போது தாய்ப்பாலே இவற்றின் உணவு. ஆகவே குட்டிகளின் குடலில் லாக்டேஸ் நிறைய இருக்கிறது. பால் மறந்து, புல்லோ இறைச்சியோ தின்னத் தொடங்கியதும் லாக்டேஸ் தேவையில்லை. தேவையற்றதை உடல் வீணாகச் செய்து கொண்டிராது. சிறிது சிறிதாகக் குறைத்துவிடும். வளர்ந்த பூனைக்குக் கிண்ணம் நிறையப் பால் வைத்தால் அதன் வயிறு கெடுவதற்குக் காரணம் இதுவே.

மனிதரும் பாலூட்டிகளே. ஆதி மனிதருக்கும் பால் மறந்த பிறகு லாக்டேஸ் குறைந்தே வந்தது. இன்றும் உலகில் வளர்ந்தவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது குறைந்துதான் போகிறது. எஞ்சிய ஒரு பங்கினருக்கே சாகும்வரை லாக்டேஸ் சுரக்கிறது. எது இயல்பு, எது விதிவிலக்கு என்று இப்போது சொல்லுங்கள்! பால் செரிக்காதவர்களை நோயாளிகள் என்று நினைத்தோம். உண்மையில் அவர்கள் பழைய வழியில் நிற்பவர்கள். பாலைத் தாராளமாகக் குடிக்கும் நம்மில் சிலர்தான் மாறிப்போனவர்கள்.

இந்தக் குறைவு ஒரே நாளில் வருவதில்லை. சில இனத்தாருக்குப் பால் மறந்த சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது. பின்லாந்து மக்களுள் சிலருக்கு இளமைப் பருவம் வரைக்கும் நீடிக்கிறது. ஆகவே, "சின்ன வயதில் குடித்தாயே, இப்போது மட்டும் என்ன?" என்று கேட்பது அறியாமை. அந்தக் கேள்வியை எங்கள் தோழியிடம் எத்தனை முறை கேட்டிருப்போம்!

ஒரு துறவியின் பட்டாணித் தோட்டம்

சிலருக்கு மட்டும் லாக்டேஸ் ஏன் நிற்காமல் சுரக்கிறது? விடையைத் தேடினால் நம் பாடப்புத்தகத்தின் பட்டாணிச் செடிக்கே போய்ச் சேர்கிறோம்.

கிரிகோர் மெண்டல் (1822–1884) புனித அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த துறவி. இன்றைய செக் நாட்டிலுள்ள பர்னோ நகர மடத்தின் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து, நெட்டை எத்தனை, குட்டை எத்தனை என்று பொறுமையுடன் எண்ணினார். தம் முடிவுகளை 1866-இல் வெளியிட்டார். அவர் வாழ்ந்த காலத்தில் அதன் பெருமையை உணர்ந்தவர் அரிது. ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு காரணிகள் உண்டு. ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருகிறது. இரண்டும் வேறுபட்டால் ஓங்கு பண்பு வெளியில் தெரியும், ஒடுங்கு பண்பு மறைந்திருக்கும். இதுவே அவர் கண்ட உண்மை.

பாலின் கதையும் இதே விதிக்குள் அடங்குகிறது. பின்லாந்தில் பல குடும்பங்களை ஆராய்ந்த டிமோ சாஹி முதலானோர், வளர்ந்த பின் லாக்டேஸ் குறைவது ஓர் ஒடுங்கு பண்பு என்று 1973-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். லாக்டேஸ் தொடர்வது ஓங்கு பண்பு. ஆனால் அந்தக் காரணி குரோமோசோமில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அப்போது தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க மேலும் 29 ஆண்டுகள் ஆயின.

ஓர் எழுத்து செய்த மாற்றம்

நம் உடலின் செயல்முறைகள் அனைத்தும் டி.என்.ஏ. என்னும் நீண்ட ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஏட்டின் மொழியில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என நமக்கு இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. ஒரு பிரதியில் மட்டும் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் உள்ளன.

லாக்டேஸ் நொதியைச் செய்யும் மரபணு 2-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பால் செரிப்பவருக்கும் செரிக்காதவருக்கும் அந்த மரபணுவில் ஏதேனும் வேறுபாடு இருக்கும் என்று விஞ்ஞானிகள் முதலில் தேடினார்கள். அங்கே காரணம் அகப்படவில்லை. 2002-ஆம் ஆண்டு லீனா பெல்டோனன், நபில் எனாட்டா முதலிய ஆய்வாளர்கள் பின்லாந்தின் 9 பெரிய குடும்பங்களை ஆராய்ந்து விடையைக் கண்டார்கள். லாக்டேஸ் மரபணு தொடங்கும் இடத்திற்கு 13,910 எழுத்துகள் முன்னே, எம்.சி.எம்.6 என்னும் வேறொரு மரபணுவின் நடுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பால் செரிக்காதவர்களின் இரண்டு பிரதிகளிலும் அங்கே "சி" இருந்தது. செரிப்பவர்களிடம் ஒரு பிரதியிலாவது "டி" இருந்தது. 300 கோடி எழுத்துகளுள் ஒன்றே ஒன்று!

அண்டை மரபணுவில் உள்ள எழுத்து லாக்டேஸை எப்படி ஆட்டிவைக்கும் என்று நாங்களும் ஐயுற்றோம். டீச்சர் எங்கள் பள்ளி அரங்கத்தையே உதாரணமாகக் காட்டினார்கள். அரங்கத்தின் விளக்குகளுக்குரிய சுவிட்சு பக்கத்து அறைச் சுவரில் அல்லவா இருக்கிறது? விளக்கு லாக்டேஸ் மரபணு. சுவிட்சு அண்டை மரபணுவில் இருக்கும் அந்த இடம். "சி" என்ற எழுத்திருந்தால் குழந்தைப் பருவத்திற்குப் பின் விளக்கு மெல்ல மெல்ல அணைந்துவிடும். "டி" இருந்தால் எரிந்துகொண்டே இருக்கும். இருவரிடத்தும் விளக்கில் பழுதில்லை.

பெற்றோர் குடிக்கிறார்களே!

எங்கள் தோழியின் தாயும் தந்தையும் நாள்தோறும் பால் குடிப்பவர்கள். அக்காவும் குடிக்கிறாள். "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத வயிற்றுவலி உனக்கு மட்டும் எப்படி?" என்று அவள் அம்மாவே கடிந்துகொண்டாராம். மெண்டலின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

தாய்க்கு ஒரு "சி"யும் ஒரு "டி"யும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு "டி" போதுமாகையால் அவருக்குப் பால் செரிக்கும். தந்தைக்கும் அப்படியே. இருவரும் பிள்ளைக்கு ஆளுக்கோர் எழுத்தைக் கொடுக்கிறார்கள். அவை நான்கு விதமாகச் சேரலாம்:

1. தாயின் டி, தந்தையின் டி: பால் செரிக்கும்.
2. தாயின் டி, தந்தையின் சி: செரிக்கும்.
3. தாயின் சி, தந்தையின் டி: செரிக்கும்.
4. தாயின் சி, தந்தையின் சி: வளர்ந்தபின் செரிக்காது.

ஆக, ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பட்டாணியில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை என்ற அதே விகிதம்! பால் குடிக்கும் பெற்றோருக்குப் பால் ஒவ்வாத பிள்ளை பிறப்பதில் மாயமும் இல்லை, பிள்ளையின் பிடிவாதமும் இல்லை. சீட்டுக் குலுக்கலில் எந்தச் சீட்டு வரவேண்டுமென்று குழந்தை கேட்டுப் பெறுவதில்லை.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. இரண்டு "சி" உள்ள எல்லோருக்கும் வயிறு கெட்டேவிடும் என்பதில்லை. குடிக்கும் அளவு, வெறும் வயிறா சாப்பாட்டோடா என்பது, குடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஆகியவற்றைப் பொறுத்து ஒருவருக்கு அதிகமாகவும் ஒருவருக்குச் சிறிதாகவும் தெரியும். எனவே "அவள் குடிக்கிறாளே, உனக்கென்ன?" என்று ஒப்பிடுவதிலும் பொருளில்லை.

வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு எழுத்துகள்

பின்லாந்தின் விடை உலகம் முழுவதற்கும் பொருந்துமா? கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்து வாழும் மக்கள் நிறையப் பால் குடிப்பவர்கள். சாரா டிஷ்கோஃப் என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் தான்சானியா, கென்யா, சூடான் நாடுகளில் 470 பேரை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். அங்கே பால் செரித்த பலரிடம் பின்லாந்தின் "டி" இல்லை! அதே சுவிட்சுப் பகுதியில் வேறு எழுத்துகள் மாறியிருந்தன. அவற்றுள் முக்கியமானது 14,010-ஆவது இடத்தில் "ஜி" இருக்க வேண்டிய இடத்தில் "சி" வந்தது. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் தனித்தனியே, வெவ்வேறு எழுத்துகள் மாறி, ஒரே பயன் விளைந்திருக்கிறது. இயற்கையின் விந்தைதான் என்னே!

நம் பாரத நாட்டின் நிலை யாது? சிந்து சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே திமில் உள்ள மாடுகளை மக்கள் பழக்கினர். ஆகவே இங்கும் தனியாக ஓர் எழுத்து மாறியிருக்கலாம் என்று எண்ணிய ஆய்வாளர்கள் இந்தியத் துணைக்கண்டத்தில் 2,284 பேரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தனர். 2012-இல் அச்சான அந்த ஆய்வு வியப்பான செய்தியைச் சொன்னது. இங்கே மிகுதியாகக் காணப்பட்டதும் 13,910-ஆவது இடத்து "டி"தான். ஐரோப்பியருடையதும் நம்முடையதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. வடமேற்கில் அதிகமாக இருக்கும் அந்த எழுத்து தென்கிழக்கு நோக்கி வரவரக் குறைகிறது. அடுத்தடுத்து வாழும் சமூகங்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடும் உண்டு. வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் பால் ஒவ்வாமை மிகுதி என்று 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் காட்டியிருந்தது. அப்படியானால் நம் பள்ளியில் எங்கள் தோழி ஒருத்தி மட்டுமே இருக்க முடியாது என்பது தெளிவு.

பஞ்சமும் தயிரும்

"டி" ஏன் இவ்வளவு பரவியது? பால் குடித்தவர்கள் பலசாலிகளாகி நிறையப் பிள்ளைகளைப் பெற்றார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. ஆனால் 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஐரோப்பாவின் 554 இடங்களில் தோண்டியெடுத்த பழைய பானை ஓடுகளில் ஒட்டியிருந்த கொழுப்பைச் சோதித்தது. "டி" பரவலாவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் பாலைப் பயன்படுத்தி வந்தது அதனால் தெரிந்தது. நல்ல காலத்தில் சற்று வயிறு இரைவதால் யாரும் சாவதில்லை. பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் மெலிந்து கிடப்பவருக்கு வயிற்றுப்போக்கு உயிரையே பறிக்கும். அத்தகைய கொடிய காலங்களில் பால் செரித்தவர் பிழைத்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

"டி" இல்லாதவர்கள் பாலையே ஒதுக்கினார்களா? இல்லை. மங்கோலிய நாட்டு மேய்ச்சல் மக்களுள் பெரும்பாலோருக்கு லாக்டேஸ் தொடர்வதில்லை. ஆனாலும் அவர்கள் உணவில் பால் பொருள்கள் மிகுதி. குதிரைப் பாலைப் புளிக்கவைத்து ஐரக் என்னும் பானம் செய்கிறார்கள். தயிரும் பாலாடைக்கட்டியும் செய்கிறார்கள். புளிக்கும்போது பாக்டீரியாக்கள் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியை அமிலமாக மாற்றிவிடுகின்றன. தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் நம் குடலுக்குள் போன பிறகும் மீதிச் சர்க்கரையை உடைக்க உதவுகின்றன. நம் பாட்டிமார் பாலுக்கு உறை ஊற்றித் தயிராக்கி, கடைந்து நீர்மோராக்கித் தந்தார்களே, அதிலும் இந்த நன்மை அடங்கியிருக்கிறது. மரபணு செய்யாததை மனிதரின் சமையலறை செய்துவிட்டது எனின் மிகையாகாது.

நாம் செய்ய வேண்டியவை

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை. இக்குறிப்புகள் அவர்களுக்குப் பயன்படும்.

முதலாவது, தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். நெய்யில் பாற்சர்க்கரை அநேகமாக இல்லை. பாலையே கூட வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் குடிக்காமல், சாப்பாட்டோடு சிறிதளவாகக் குடித்தால் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். லாக்டேஸ் சேர்த்துப் பாற்சர்க்கரையைப் பிரித்த பாலும் கடைகளில் கிடைக்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சுவதால் பாற்சர்க்கரை போய்விடாது.

இரண்டாவது, பால் இல்லாவிட்டால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து எங்கே என்று அம்மா கவலைப்படுவார். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம். எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் நல்லவை.

மூன்றாவது, கைக்குழந்தைகளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. தாய்ப்பாலில் பசும்பாலைவிடப் பாற்சர்க்கரை அதிகம். அதைச் செரிக்கும் லாக்டேஸ் குழந்தையிடம் இருக்கிறது. பிறவியிலேயே அது இல்லாமலிருப்பது மிக அரிது. தாய்ப்பாலை நாமாக நிறுத்துவது பெருந்தவறு.

நான்காவது, பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல், முகவீக்கம் தோன்றினால் அது வேறு நோய். பாலின் புரதத்தை உடல் எதிர்ப்பதால் வருவது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கடுமையான வயிற்றுப்போக்கிற்குப் பின் குடற்சுவர் பழுதடைந்து சில நாள் பால் செரிக்காமற் போவதும் உண்டு. அது தானே சரியாகிவிடும். எடை குறைந்தாலும், இரத்தம் போனாலும் பாலின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாகாது. எது எதனால் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

முடிவாக

டீச்சர் சொன்னதைக் கேட்ட பின், தோழியின் பெற்றோர் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மூச்சுப் பரிசோதனையில் ஹைட்ரஜன் கூடியிருந்தது. அந்தச் சீட்டை அவள் வார்டன் சிஸ்டரிடம் கொடுத்தபோது சிஸ்டர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "முன்பே நான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும், அம்மா" என்றார்களாம். இப்போது காலையில் பாலுக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சி கேட்பவர்களுக்குக் கிடைக்கிறது. கீழ்வகுப்பில் மூன்று பேர் தாமாகவே வந்து, "எங்களுக்கும் அப்படித்தான் சிஸ்டர், சொல்லப் பயந்தோம்" என்று சொன்னார்கள். அவர்களைச் சொல்லவிடாமல் செய்த பயம் எங்கள் சிரிப்பினால் வந்தது.

நாங்கள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். பட்டப்பெயரை விட்டொழித்தோம். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு சாக்குக்கட்டியை எடுத்து, அரையாண்டுத் தேர்வில் தான் எழுதாமல் விட்ட கடைசி இரண்டு கணக்குகளையும் கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். எங்களில் பலர் அவற்றைத் தப்பாகப் போட்டிருந்தோம்.

பால் ஒத்துக்கொள்ளாதது யார் குற்றம்? தாயின் குற்றமன்று, தந்தையின் குற்றமன்று, பிள்ளையின் குற்றமும் அன்று. குற்றம் என்று ஒன்று இருந்ததெனில், ஒருத்தி "வலிக்கிறது" என்று சொன்னபோது ஏன் என்று கேட்காமலே தீர்ப்புச் சொன்ன எங்களுடையதே. தோழியரே, அடுத்த முறை ஒருத்தி தம்ளரைத் தள்ளி வைத்தால், சிரிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போம்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி